ஆடுகளமும் அயலணியும்: அவுஸ்திரேலியர், 1956 – 1959

திருவள்ளுவர் இடனறிதல் என்னும் அதிகாரத்திலே முதலையை உவமையாகக் காட்டுகின்றார். நீருள் நிற்கும்வரை அதனை எதிர்ப்பார் இல்லை. கரையேறியதும் அதன் வலிமை பிறர்க்கு எளிதாகின்றது. போர்த்தொழில் நோக்கிக் கூறப்பட்ட இவ்வுண்மை கிறிக்கெற் ஆட்டத்துக்கும் பெரிதும் பொருந்தும். உதைபந்தாட்டத்திலே தரை என்பது ஆடுவோர் ஓடித்திரியும் அரங்கு மாத்திரமே. கிறிக்கெற்றிலோ வீசப்படும் பந்து பெரும்பாலும் தரையைத் தொட்டெழுந்தே துடுப்பை அடைகின்றது. ஆதலின், இருபத்திரண்டு யார் நீளமுள்ள அச்சிறு நிலம் ஆட்டத்திற் பங்குகொள்ளும் ஒருவரைப்போலவே தொழிற்படுகின்றது. அதனை ஆயத்தஞ் செய்வோர் விருந்தளிக்கும் நாட்டினர். தோற்றுத் திரும்பும் அணியினர் மண்ணைக் குறை கூறுவதும், வென்றோர் தம் திறமையை எடுத்துரைப்பதும் இதனால் நெடுங்கால வழக்கமாயின.

இவ்வழக்கை ஆராய்வதற்கு 1956ஆம் ஆண்டினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது. அவ்வாண்டில் இயன் ஜோன்சன் தலைமையிற் புறப்பட்ட அவுஸ்திரேலிய அணி, இங்கிலாந்து, பாகிஸ்தான், இந்தியா ஆகிய மூன்று நாடுகளிலும் தன்மையில் வேறுபட்ட தரைகளில் அடுத்தடுத்து ஆடியது.

இங்கிலாந்திலே லோர்ட்ஸ் மைதானத்தில் அவ்வணி 185 ஓட்டங்களால் வென்றது. அடுத்து லீட்ஸில் ஓர் இன்னிங்ஸாலும் 42 ஓட்டங்களாலும் தோற்றது. யூலை 26ஆந் திகதி மான்செஸ்ரர் நகரின் ஓல்ட் ட்ரபோர்ட் மைதானத்தில் நான்காவது ரெஸ்ற் தொடங்கிற்று. நாணயச் சுழற்சியில் வென்ற இங்கிலாந்து 459 ஓட்டங்களைக் குவித்தது. அதற்குள் தரை காய்ந்து புழுதி கிளப்பத் தொடங்கிவிட்டது. விக்கெற் இழப்பின்றி 48 ஓட்டங்களைப் பெற்றிருந்த அவுஸ்திரேலியர், 84 ஓட்டங்களுக்குள் அனைவரும் ஆட்டமிழந்தனர். சுழற்பந்து வீச்சாளரான ஜிம் லேக்கர் 37 ஓட்டங்களுக்கு 9 விக்கெற்றுகளை வீழ்த்தினார். மழையால் இடையிடையே தடைப்பட்ட இரண்டாம் இன்னிங்ஸிலே 53 ஓட்டங்களுக்குப் பத்து விக்கெற்றுகளும் அவருக்கே வீழ்ந்தன. ஒரே ரெஸ்ற் ஆட்டத்தில் 19 விக்கெற்றுகள் என்னும் அச்சாதனையை இன்றுவரை வேறெவரும் எட்டவில்லை. நீல் ஹார்வி, கென் மக்கே ஆகிய இருவரும் இரண்டு இன்னிங்ஸிலும் ஓர் ஓட்டந்தானும் பெறாது திரும்பினர். இவ்விருவரின் பெயர்களையும் வாசகர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அத்தரை லேக்கருக்கென்றே ஆக்கப்பட்டது என அவுஸ்திரேலியர் மனம் புழுங்கினர். அவர்தம் மனக்குறையை முற்றாகத் தள்ளிவிடல் இயலாது. முதலில் துடுப்பெடுத்தாடிய அணிக்குக் கிடைத்த தரை பின்னர் ஆடிய அணிக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் இரு செய்திகள் அக்குற்றச்சாட்டின் வலிமையைக் குறைக்கின்றன. மறுமுனையிலிருந்து அதே தரையில் வீசிய ரொனி லொக், தாமும் தேர்ந்த சுழற்பந்து வீச்சாளராயிருந்தும், இரண்டு இன்னிங்ஸிலுமாக ஒரேயொரு விக்கெற்றையே பெற்றார். அவுஸ்திரேலியத் தொடக்க ஆட்டக்காரரான கொலின் மக்டொனால்ட் இரண்டாம் இன்னிங்ஸில் மணிக்கணக்காக நின்று 89 ஓட்டங்கள் பெற்றார். மண் மட்டுமே விக்கெற்றுகளை வீழ்த்தியதாயின், லொக்கின் கை வெறுங்கையாயிருந்ததும் மக்டொனால்ட் நிலைத்து நின்றதும் எங்ஙனம்?

இங்கிலாந்திலிருந்து மீளும் வழியில், ஒக்ரோபர் மாதம், அவ்வணி கராச்சியில் இறங்கியது. பாகிஸ்தானும் அவுஸ்திரேலியாவும் ஆடிய முதல் ரெஸ்ற் இதுவே. ஆங்கே தரையின்மேல் பாய் விரித்து ஆடுதல் வழக்கம். பாய்மேல் ஆடுதலின் இயல்பு நம்மவர்க்குப் புதிதன்று; இலங்கைப் பாடசாலைகள் பலவற்றின் மைதானங்களில் நெடுங்காலம் கயிற்றுப்பாயே விரிக்கப்பட்டது. புற்றரையில் வழுக்கிச் செல்லும் பந்து பாயைப் பற்றித் திரும்பும். எழும் உயரமும் வேறுபடும். மிதவேகத்தில் விரல்களாற் பந்தை வெட்டி வீசும் பசல் மஹ்மூத் அத்தரையில் ஒப்பற்றவராய் விளங்கினார். அவுஸ்திரேலியர் 80 ஓட்டங்களுக்குச் சுருண்டனர். முதல் நாள் முழுவதும் இரு அணியினரும் சேர்ந்து எடுத்தவை 95 ஓட்டங்களே. பசல் 13 விக்கெற்றுகளையும், கான் மொஹமட் எஞ்சிய ஏழையும் வீழ்த்தப் பாகிஸ்தான் 9 விக்கெற்றுகளால் வென்றது. பசலைப் பாய் வளர்த்த வீரர் என்று மட்டும் கூறுதல் நேர்மையாகாது. அவர் 1954இல் இலண்டன் ஓவல் மைதானத்து ஈரப் புற்றரையில் இங்கிலாந்தின் 12 விக்கெற்றுகளை வீழ்த்தியவர்.

கராச்சி ஆட்டம் முடிந்து இரண்டே நாளிற் சென்னையில் இந்தியாவுடன் ரெஸ்ற் தொடங்கிற்று. சோர்வுற்ற அவ்வணி, சுழற்பந்துக்குப் பேர்போன நாட்டிலே மேலும் சீரழியும் என்றே எவரும் எண்ணியிருப்பர். நிகழ்ந்ததோ வேறு. சென்னையில் றிச்சி பெனோ 72 ஓட்டங்களுக்கு 7 விக்கெற்றுகளைப் பெற, அவுஸ்திரேலியர் ஓர் இன்னிங்ஸாலும் 5 ஓட்டங்களாலும் வென்றனர். பம்பாயில் வெற்றி தோல்வி இல்லை. கல்கத்தாவில் குலாம் அஹமத் 49 ஓட்டங்களுக்கு 7 விக்கெற்றுகளை வீழ்த்தி அவுஸ்திரேலியரை 177 ஓட்டங்களுக்குள் அடக்கினார். ஆனால் அத்தரையே பெனோவுக்கு 11 விக்கெற்றுகளை அளித்தது. இந்தியா 94 ஓட்டங்களாற் தோற்றது. மான்செஸ்ரரில் 123 ஓட்டங்கள் கொடுத்து இரண்டே விக்கெற்றுகள் பெற்ற அதே பெனோ இவர். விருந்தளிப்போர் தமக்கெனப் பேணிய தரை, அதன் இயல்பறிந்த விருந்தினனுக்கும் வேறுபாடின்றிப் பணிசெய்தது.

வள்ளுவர் கூறிய உவமை இவ்விடத்தில் ஒரு புறத்தே பொருந்தாதொழிகின்றது. முதலை கரையில் வாழப் பயில்வதில்லை, ஆட்டக்காரரோ பயில்கின்றனர். 1959ஆம் ஆண்டு நவம்பரில், பெனோவின் தலைமையில், அவுஸ்திரேலியர் கிழக்குப் பாகிஸ்தானின் டாக்கா நகரில் மீண்டும் பாய்த் தரையில் ஆடினர். 225 ஓட்டங்கள் கொண்ட முதல் இன்னிங்ஸில் ஹார்வி தனியொருவராக 96 ஓட்டங்கள் எடுத்தார். பாகிஸ்தானின் இரண்டாம் இன்னிங்ஸில் மக்கே 45 ஓவர்கள் வீசி, 42 ஓட்டங்களே கொடுத்து, 6 விக்கெற்றுகளைப் பெற்றார். மூன்று ஆண்டுகளுக்கு முன் மான்செஸ்ரரில் வெறுங்கையராய்த் திரும்பிய அவ்விருவருமே இவர்கள். பசலின் கருவியான மிதவேகப் பந்தைக்கொண்டே பசலின் நாட்டை மக்கே வென்றார். லாகூரிலும் வென்று தொடரை 2–0 எனக் கைப்பற்றிய அவுஸ்திரேலியர்க்கு, பாகிஸ்தானில் அடுத்த ரெஸ்ற் வெற்றி 1998இலேயே கிட்டியது. 1959 டிசெம்பரிற் கராச்சியில் நடைபெற்ற மூன்றாவது ஆட்டத்தோடு ரெஸ்ற் கிறிக்கெற்றிலிருந்து பாய் விடைபெற்றது.

அதே மாதம் கான்பூரில் புதிதாகப் புல் பதிக்கப்பட்ட ஆடுகளத்தைக் கண்ட இந்தியத் தெரிவாளர் லாலா அமர்நாத், யசு பட்டேலை அணியிற் சேர்ப்பித்தார். பட்டேல் 124 ஓட்டங்களுக்கு 14 விக்கெற்றுகளை வீழ்த்த, இந்தியா அவுஸ்திரேலியாவை முதன்முதலாக வென்றது. மண்ணறிவின் பயன் இது. எனினும் எதிரணியின் அலன் டேவிட்சனும் அவ்வாட்டத்தில் அதே 124 ஓட்டங்களுக்கு 12 விக்கெற்றுகளைப் பெற்றார் என்பதைப் பலர் மறந்துவிடுவர். தொடரை 2–1 என வென்றோரும் அவுஸ்திரேலியரே.

தன் வீரரின் இயல்புக்கேற்பத் தரையை ஆக்குதல் குற்றமா என மாணவர் வினவுதல் உண்டு. குற்றமன்று என்பதே எனது துணிபு. தரை இரு சாரார்க்கும் பொது. நாணயம் விழுந்த கணத்திலேயே முடிவு தெரிந்துவிடும் தரை மாத்திரமே குற்றமுடையது. மான்செஸ்ரர்த் தரை அவ்வெல்லையை நெருங்கிற்று எனலாம். கல்கத்தாத் தரை அத்தகையதன்று.

இலங்கையர்க்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. ரெஸ்ற் தகுதி கிடைப்பதற்கு நெடுங்காலம் முன்னரே, 1947இல், மகாதேவன் சதாசிவம் சென்னைச் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் பெற்றார். 1998இல் இலண்டன் ஓவலில், நாணயச் சுழற்சியில் வென்றும் எதிரணியையே முதலில் துடுப்பெடுத்தாடப் பணித்தார் அர்ஜுன ரணதுங்க. இங்கிலாந்து 445 ஓட்டங்கள் எடுத்த அத்தரையிலே முத்தையா முரளிதரன் 16 விக்கெற்றுகளை வீழ்த்தினார்.

அண்மைக் காலத்தில் ஆடுகளம் ஆக்கும் கலை எல்லை கடந்து வளர்ந்துள்ளது. 2024 ஒக்ரோபரில் முல்தானில் இங்கிலாந்து 7 விக்கெற்றுகளுக்கு 823 ஓட்டங்கள் குவித்தது. பாகிஸ்தானியர் அதே தரையைப் பெரிய மின்விசிறிகளால் உலர்த்தி அடுத்த ரெஸ்ற்றுக்கும் பயன்படுத்தினர். நோமான் அலியும் சஜித் கானும் இருபது விக்கெற்றுகளையும் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். மூன்று மாதங்கள் கழித்து, 2025 ஜனவரியில், மேற்கிந்தியர் முல்தானுக்கு வந்தபோதும் அத்தகைய சுழல்தரையே காத்திருந்தது. இரண்டாவது ரெஸ்ற்றில் அவர்கள் 120 ஓட்டங்களால் வென்றனர். பாகிஸ்தானில் 1990இன் பின் அவர்கள் பெற்ற முதல் ரெஸ்ற் வெற்றி அது. தொடரின் சிறந்த வீரராகத் தெரிவானவர், மேற்கிந்தியரின் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஜோமெல் வாரிக்கன்.