உறங்கி விழிக்கும் பொருள்கள்

மின்சாரம் நின்ற கணத்திலே கணனியின் நினைவகத்தில் உள்ளவை யாவும் அழிந்துபோகின்றன. எண்ணும் எழுத்துமாக இருந்தவற்றை நாடாவிலோ தட்டிலோ வரிவரியாக எழுதிவைத்து மீட்டுக்கொள்வதில் முன்னாளிற் பெரும் இடர் இருக்கவில்லை. செய்நிரலுக்குள் ‘பொருள்’ என்னும் ஒன்று தோன்றிய பின்னரே சிக்கல் முற்றியது.

நோர்வே நாட்டின் தலைநகராகிய ஒஸ்லோவிலே, நோர்வேக் கணிப்பு நிலையத்தைச் சேர்ந்த ஓலே யொஹான் டால், கிறிஸ்டன் நீகார்ட் என்னும் இருவர் 1967 ஆம் ஆண்டில் சிமியூலா 67 என்னும் மொழியை வகுத்தனர். அம்மொழியில் ஒரு கப்பலைத் தன் விவரங்களையும் தன் தொழிலையும் தன்னகத்தே கொண்ட தனிப்பொருளாக அமைக்கலாம். கப்பல் தான் நிற்கும் துறைமுகத்தைச் சுட்டும். துறைமுகமோ தன்னிடம் நிற்கும் கப்பல்களைச் சுட்டும். இவ்வாறு பின்னிப் பிணைந்த கூட்டத்தை நேர்கோடு போன்ற ஒரு கோப்பிலே எங்ஙனம் எழுதுவது? கப்பலை எழுதப் புகுந்தால் துறைமுகத்தை எழுதவேண்டும். துறைமுகத்தை எழுதப் புகுந்தால் அதே கப்பல் மீண்டும் எதிரே வந்து நிற்கும்.

பழைய வீட்டின் கூரையைப் பிரித்து வேறோரிடத்தில் ஏற்றும் தச்சன், ஒவ்வொரு மரத்திலும் ஓர் இலக்கம் பொறித்துக்கொள்வான். எந்தக் கைமரம் எந்த வளையிற் பொருந்தும் என்பதை இலக்கமே சொல்லிவிடும். கணனி அறிஞரும் இவ்வழியையே கைக்கொண்டனர். முதன்முறை எதிர்ப்படும் பொருளுக்கு ஓர் இலக்கமிட்டு முழுவதும் எழுதுவர். மறுமுறை வந்தால் இலக்கத்தை மட்டும் எழுதுவர். மோரிஸ் ஹேர்லிஹி, பார்பரா லிஸ்கோவ் என்போர் 1982 இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் முக்கியமானது. அனுப்புமிடத்திலும் பெறுமிடத்திலும் ஒரு பொருளின் உள்ளமைப்பு வேறுபட்டிருப்பினும் அதன் கருத்து மாறாது சென்று சேரும் முறையை அவர்கள் ஆராய்ந்தனர்.

கலிபோர்னியாவில் ஸெரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுநிலையத்தில் அலன் கே, டான் இங்கல்ஸ், அடேல் கோல்ட்பேர்க் முதலியோர் 1970 களில் உருவாக்கிய ஸ்மோல்டோக் மொழி வேறு வழியிற் சென்றது. வீட்டைப் பிரிப்பானேன், வீட்டோடு பெயர்த்துவிடலாமே என்பது அவ்வழி. நினைவகத்திலுள்ள அத்தனை பொருள்களையும் ஒருங்கே ஒரு கோப்பாக எழுதிவிடுவர். அதற்குப் ‘படிமம்’ என்று பெயர். மறுநாட் காலையிற் கணனியைத் திறந்தால், திரையிலிருந்த சாளரங்களும் பாதியில் நின்ற வேலையும் விட்ட இடத்திலேயே இருக்கும். 1996 இல் அப்பிள் நிறுவனத்திலே ஸ்குவீக் என்னும் புதிய ஸ்மோல்டோக் பிறந்தபோது, பழைய ஸ்மோல்டோக் 80 படிமமொன்றே அதற்கு வித்தாயிற்று. வியக்கத்தக்க நீண்ட உறக்கம்தான்! ஆனால், அப்படிமத்திலிருந்து ஒரு பொருளை மட்டும் தனியே எடுத்து அயலானிடம் கொடுப்பது எளிதன்று.

ஸ்கொட்லாந்திலோ எடின்பரோப் பல்கலைக்கழகத்து மல்கம் அற்கின்சனும், சென்ற் அன்ட்றூஸ் பல்கலைக்கழகத்து றொன் மொறிசனும், அவர்தம் தோழரும் 1980 களின் தொடக்கத்திற் கோப்பு என்னும் கவலையே செய்நிரலாளனுக்கு வேண்டாம் என்று வாதிட்டனர். செய்நிரலொன்றில் ஏறத்தாழ 30 சதவீதம், தரவைக் கோப்பிற்குக் கொண்டுசெல்லவும் மீட்கவுமே செலவாகிறது என்பது அவர்கள் எடுத்துக்காட்டிய கணக்கு. எனினும் அவர்கள் ஆக்கிய மொழி ஆய்வுகூடத்திற்கு வெளியே பரவவில்லை.

உலகெங்கும் பரவியது ஜாவா. சன் நிறுவனம் 1997 இல் வெளியிட்ட ஜாவா 1.1 பதிப்பிலே, ‘இவ்வகுப்பின் பொருள்களைச் சேமிக்கலாம்’ என்று ஒரு சொல் குறித்தாற் போதும். எஞ்சியதை மொழியே பார்த்துக்கொள்ளும். எளிமை யாவரையும் கவர்ந்தது. குறைகளோ மெல்ல மெல்லத் தோன்றின. வகுப்பைச் சிறிது மாற்றினாலும் நேற்றெழுதிய கோப்பை இன்று ஏற்க மறுக்கும் நிலை நேர்ந்தது. அதனினும் கொடியது வேறொன்று. ஒரு பொருள் புதிதாகப் பிறக்கும்போது அதன் தகுதியைச் சோதிக்கும் வாயில் ஒன்றுண்டு. கோப்பிலிருந்து மீள்கையில் அவ்வகுப்பின் வாயிலை அது கடப்பதில்லை, கொல்லைப்புறமாகவே நுழைந்துவிடுகின்றது.

2015 ஆம் ஆண்டு சனவரியிற் கலிபோர்னியாவில் நடந்த மாநாடொன்றிலே கிறிஸ் புரோகோவ், கேப்ரியல் லோறன்ஸ் என்னும் இருவர் இதன் விளைவை விளக்கிக் காட்டினர். பகைவன் தன் விருப்பப்படி புனைந்த ஒரு கோப்பை அனுப்பினால், அதனை மீட்கும் கணனி அவனுடைய கட்டளையை நிறைவேற்றிவிடும். அதற்குப் புதிய ஆயுதம் எதுவும் வேண்டியதில்லை. எண்ணற்ற செய்நிரல்களில் ஏற்கெனவே இருந்த ஒரு பொதுநூலகத்தின் வகுப்புக்களே கருவியாயின. அவ்வாண்டு இறுதிக்குள், பெருநிறுவனங்கள் நம்பியிருந்த சேவையக மென்பொருள்கள் பலவும் இவ்வாறு தாக்கப்படக்கூடியவை என்பது வெளிப்பட்டது.

2017 இல் வந்த ஜாவா 9, உட்புகும் வகுப்புக்களை வடிகட்டும் ஏற்பாட்டைத் தந்தது. மறு ஆண்டில், ஜாவாவின் தலைமை வடிவமைப்பாளர் மார்க் றெயின்ஹோல்ட், 1997 இற் செய்தது பெருந்தவறென்றே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டும் அதனை நீக்கிவிட முடியவில்லை. அம்முறையை நம்பி எழுதப்பட்ட செய்நிரல்கள் இன்றும் பற்பல அலுவலகங்களில் இயங்கிக்கொண்டிருக்கின்றன.