பாட்டியின் பெயர்

ஸ்காட்லாந்தில் பெண் மகவுக்கு நாமகரணம் செய்வது பெற்றோரின் ரசனைக்கு விடப்பட்ட விஷயமாக நெடுங்காலம் இருந்ததில்லை. மூத்தவள் தாயைப் பெற்ற பாட்டியின் பெயரையும், அடுத்தவள் தந்தையைப் பெற்ற பாட்டியின் பெயரையும், மூன்றாமவள் தாயின் பெயரையும் தாங்க வேண்டுமென்பது பல குடும்பங்களில் வழங்கிய சம்பிரதாயம். 1093-ல் மறைந்து, பிற்காலத்தில் புனிதையெனப் போற்றப்பட்ட ராணி மார்கரெட்டின் நாமம் இவ்விதமே தலைமுறைதோறும் இறங்கி வந்தது. ஒரே வீட்டில் மார்கரெட்டுகள் பெருகியபோது, மேகி, பெக்கி, மெய்ஸி என்னும் செல்லப் பெயர்களே குழப்பம் தீர்த்தன.

வடக்கே மலைநாட்டாரோ, ஆண் முன்னோரின் பெயரையும் விட மனமின்றி, டொனால்டை டொனால்டினா என்றும், மர்டோவை மர்டினா என்றும் பெண்பாலாக்கிப் பேத்தியருக்குச் சூட்டினர். செவிக்குச் சற்றுக் கரடுமுரடுதான். எனினும் 1857-ல் டண்டீ நகரில் பிறந்து, அமெரிக்காவில் நட்சத்திர ஆராய்ச்சியால் கீர்த்தி பெற்ற வில்லியமினா ஃபிளெமிங்கின் பெயரும் வில்லியம் என்பதன் பெண்பால் வடிவமே.

பழமை கமழ்வதாக இன்று பலர் விரும்பும் ஃபியோனா என்ற பெயரோ, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், வில்லியம் ஷார்ப் என்னும் ஆண் எழுத்தாளர் ‘ஃபியோனா மக்லவுட்’ என்ற புனைபெயரில் எழுதியதால் பிரபலமானது!