அலசினால் போகும் ஈயம், அசையாத காட்மியம்

சந்தையிலிருந்து வந்த அரைக்கீரைக் கட்டைப் பிரித்து, அகலமான பாத்திரத்துத் தண்ணீரில் முக்கி எடுத்துப் பாருங்கள். அடியில் மெல்லிய சாம்பல் நிறப் படிவு தங்கும். விரலால் தேய்த்தால் நறநறக்கும். சாலையோரத் தோட்டத்துக் கீரையில் ஈயம் இருந்தால், பெரும்பாலும் அது இந்தப் படிவில்தான் இருக்கும். காட்மியம் அப்படியல்ல. அது இலையின் சதைக்குள் ஏறிவிட்ட சரக்கு. பத்துத் தண்ணீர் மாற்றினாலும் அப்படியே இருக்கும்.

ஈயம் மண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும். வேர் வழியே மேலேறுவது கொஞ்சம்தான். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. ஆனால் அதற்கு முன் சாலையோர மண்ணில் விழுந்தது எங்கும் போய்விடவில்லை. பழைய பெயின்ட், பேட்டரி உருக்கும் பட்டறையின் புகை எனப் புதிதாகவும் சேர்கிறது. மழை அடிக்கும்போது அந்த மண் தெறித்து அடி இலைகளில் அப்பிக்கொள்ளும். அதனால் அடி இலையைக் கிள்ளி எறிவது, முட்டைக்கோஸின் வெளி இதழை உரிப்பது, கிழங்கின் தோலைச் சீவுவது எல்லாம் பலன் தரும். கேரட் மட்டும் கொஞ்சம் சிக்கல்: ஈயம் மிகுந்த மண்ணில் விளைந்தால் உள்ளேயும் சிறிது இழுத்து வைத்திருக்கும்.

காட்மியம் துத்தநாகத்துக்குப் பங்காளி. பயிர் துத்தநாகத்தை உள்ளே விடும் வாசலிலேயே இதுவும் நுழைந்துவிடுகிறது. பாஸ்பேட் உரத்திலும், முலாம் பூசும் பட்டறைக் கழிவு கலந்த சாக்கடை நீரிலும் வயலுக்கு வந்து சேரும். பசலை போன்ற கீரைகள் இதை இலையில் சேர்த்து வைப்பதில் கெட்டிக்காரர்கள். இலைக் காய்கறிகளில் ஒரு கிலோவுக்கு ஈயம் 0.3 மில்லிகிராம், காட்மியம் 0.2 மில்லிகிராம் என்று கோடெக்ஸ் உணவுத் தர ஆணையம் எல்லை வகுத்திருக்கிறது. எல்லை அளவுகள் அருகருகே இருந்தாலும் கழுவும் தொட்டியில் இரண்டும் ஒன்றல்ல.

இங்கேதான் காய்கறி சுத்தம் செய்யும் ஓசோன் கருவிகளின் விளம்பரம் எனக்கு எரிச்சல் மூட்டுகிறது. பூச்சிமருந்து ஒரு சேர்மம், அதை உடைக்கலாம். உலோகம் தனிமம், ஓசோனோ உப்போ மஞ்சளோ அதை உடைக்காது, கொதிக்கவைத்தாலும் சிதையாது. மேலே ஒட்டியதைக் கருவி கழுவிவிடலாம் என்றால், அதைக் குழாய்த் தண்ணீரே செய்துவிடும்.

காட்மியத்தை நீக்க வேண்டிய இடம் வயல். மண்ணின் புளிப்பைச் சுண்ணாம்பால் குறைத்தால் வேர் இழுக்கும் அளவு குறையும். ஜப்பானின் தொயாமா பகுதியில் அதுவும் போதாமல் போனது. ஜின்சூ ஆற்றின் மேற்பகுதியில் இருந்த சுரங்கத்தின் கழிவு நெல்வயல்களில் பாய்ந்து, சோற்றின் வழி உடம்பில் ஏறியது. சிறுநீரகம் கெட்டு, எலும்பு நொறுங்கி, ‘இத்தாய் இத்தாய்’, அதாவது ‘வலிக்குது வலிக்குது’, என்று நோயாளிகள் கதறியதே நோய்க்குப் பெயரானது. சுரங்கக் காட்மியமே காரணம் என்று அரசு 1968-இல் ஒப்புக்கொண்டது. அரிசியைக் களைந்து யாரும் தப்பவில்லை. கெட்ட மேல்மண்ணுக்கு மாற்று மண் போட வேண்டியிருந்தது. அந்த வேலை 2012-இல்தான் முடிந்தது. பாதிக்கப்பட்டவர்கள் வழக்காடி வென்றிருந்ததால் சுரங்க நிறுவனமும் செலவில் பங்கு கொடுத்தது. நம் ஊர் வயலில் சுண்ணாம்பு போடுகிற விவசாயிக்கு, சாக்கடையில் கழிவைத் திறந்துவிட்ட பட்டறை ஒரு மூட்டைக்கான காசாவது தருமா?