சென்-தெனி ஜீப்பும் மெஹாரியின் மறுபிறப்பும்

பாரிஸ் நகரின் 10ஆம், 18ஆம் வட்டாரங்கள் சந்திக்கும் இடத்தில், வடக்கு ரயில் நிலையத்தை ஒட்டி அமைந்து, ஈழத்தமிழரால் லாசப்பல் என்று அழைக்கப்படும் கடைத்தெருப் பகுதி, 1983க்குப் பின் அடைக்கலம் தேடி வந்தவர்களால் உருப்பெற்றது என்பதும், 1985இல் நிறுவப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயமும் அதன் தேர்த்திருவிழாவும் அப்பகுதியின் அடையாளங்களாகிவிட்டன என்பதும் தமிழர் பலரும் அறிந்தவை. அதே பகுதியிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டு, போர்ட் து லா சப்பலைக் கடந்து, இன்று தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் சென்-தெனி நகரைச் சென்றடையும் பழைய பெருவழிக்கு வேறொரு வரலாறும் உண்டு; உலகப் போரில் பிறந்த ஜீப் வண்டி, அமெரிக்காவுக்கு வெளியே தன் இரண்டாம் வாழ்வைப் பெற்ற இடங்களுள் ஒன்று அவ்வழியின் முனையில்தான் இருந்தது. பழைய பெயரைத் தாங்கி மீண்டும் வரும் ஒரு காட்டுப்பாதை வண்டி, தன் முன்னோடிக்கு ஈடாகுமா என்ற கேள்விக்கு, பிரான்ஸ் நாடு அரை நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு எதிரெதிரான விடைகளைத் தந்திருக்கிறது. முதல் விடை சென்-தெனியில் எழுதப்பட்டது.

லா சப்பல் 1860ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் பாரிஸுடன் இணைக்கப்படும்வரை தனி ஊராக இருந்தது. வடக்கு ரயில் பாதையின் சரக்கு நிலையங்களும் பட்டறைகளும் அங்கே குவிய, அதற்கப்பால் சென்-தெனிச் சமவெளியில் எரிவாயு ஆலைகளும் இரும்பு ஆலைகளும் எழுந்தன. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்த பெஞ்சமின் ஹாட்ச்கிஸ் என்ற துப்பாக்கிப் பொறியாளர் 1875இல் தம் ஆயுத ஆலையைச் சென்-தெனியில் நிறுவினார். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 1903 முதல் அந்நிறுவனம் கார்களையும் செய்யத் தொடங்கி, குறுக்காக வைத்த இரு பீரங்கிகளைத் தன் சின்னமாகக் கொண்டது. ரயில் நிலையம் அருகிருந்ததே இப்பகுதியின் வளமும் ஆபத்துமாயிற்று: 1944 ஏப்ரல் 20ஆம் நாள் இரவு, லா சப்பல் சரக்கு நிலையத்தைக் குறிவைத்து பிரித்தானிய விமானங்கள் வீசிய குண்டுகளால் சுற்றுப்புறங்களில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நான்கு மாதங்களின் பின் பாரிஸ் விடுதலையடைந்தபோது, லெகிளேர் தலைமையிலான இரண்டாம் கவசப் படையுடன் ஜீப்பும் நகருக்குள் நுழைந்தது.

அந்த வண்டியின் அமைப்பைச் சற்று விளக்கினால்தான் பின்னர் நடந்தவை புரியும். 1940இல் அமெரிக்கத் தரைப்படை கேட்டதற்கிணங்க பான்டம், வில்லிஸ், ஃபோர்ட் ஆகிய மூன்று நிறுவனங்களின் முயற்சியால் உருவான ஜீப், ஏறத்தாழ ஒரு டன் எடையும், 2.2 லிட்டர் கொள்ளளவும் 60 குதிரைத்திறனும் கொண்ட நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினும் உடையது. போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்லும். வழக்கமான கியர்பாக்ஸுக்குப் பின்னால் இரண்டாவதாக ஒரு பற்சக்கரப் பெட்டி இருப்பதால், சேற்றிலும் ஏற்றத்திலும் வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்க முடியும். முன்னும் பின்னும் உறுதியான ஒற்றை அச்சுகள், அவற்றைத் தாங்கும் அடுக்கு எஃகுப் பட்டைகள், தட்டையான தகட்டு உடல் என்று எல்லாமே, சில சாவிகளும் ஒரு சுத்தியலும் கொண்ட படைவீரன் கழற்றிப் பூட்டும் வகையில் எளிமையாக இருந்தன. எந்த ஆலையில் வார்த்த உறுப்பும் எந்த வண்டியிலும் பொருந்தும் என்பதே அதன் மிகப் பெரிய வலிமை.

போருக்குப் பின் அமெரிக்கர் விட்டுச் சென்ற ஆயிரக்கணக்கான ஜீப்கள் பிரெஞ்சுப் படையின் கைக்கு வந்தன. பாரிஸுக்குக் கிழக்கே நூயி-சூர்-மார்னில் இருந்த மால்தூர்னே என்ற இராணுவப் பட்டறையில் அவை ஆணி ஆணியாகக் கழற்றப்பட்டு, உறுப்புகள் வகைவாரியாகக் குவிக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, மீண்டும் பூட்டப்பட்டன. ஒரு வண்டியிலிருந்து கழற்றிய எஞ்சின் அதே வண்டிக்குத் திரும்புவதில்லை, ஃபோர்டின் சட்டகத்தில் வில்லிஸின் உடல் அமர்வது அங்கே அன்றாட நிகழ்ச்சி. வண்டியின் அடையாளம் அதன் எண்ணில் இல்லை, உறுப்புகள் தம்முள் மாறிப் பொருந்துவதில்தான் இருக்கிறது என்பதை இப்பட்டறை எந்த நூலையும்விடத் தெளிவாகக் காட்டியது.

ஆனால் பெருமை மிகுந்த ஒரு படை, பிற நாட்டுப் பழைய வண்டிகளைத் தைத்தே காலம் தள்ள விரும்பவில்லை. ஜீப்பின் இடத்தில் ஓடுவதற்கு அதைவிட மேலான பிரெஞ்சு வண்டி ஒன்றைச் செய்யும் பொறுப்பு, பந்தயக் கார்களுக்கும் ஆடம்பரக் கார்களுக்கும் பெயர்பெற்ற டெலஹே நிறுவனத்திடம் சென்றது. 1951 முதல் வெளிவந்த டெலஹே வி.எல்.ஆர்., அதாவது இலகு வேவு வண்டி, தாளில் ஜீப்பை எல்லா வகையிலும் வென்றது: நான்கு சக்கரங்களும் தனித்தனியே மேடுபள்ளங்களுக்கு இசைந்து அசையும், அதற்குப் பட்டைகளுக்குப் பதிலாக முறுக்குத் தண்டுகள், எஞ்சினுக்கு அலுமினிய வார்ப்பு, சக்கரங்கள் வழுக்காதிருக்கப் பூட்டும் அமைப்பு, 24 வோல்ட் மின்சாரம் என்று அக்காலத்தின் சிறந்த பொறியியல் அதில் இருந்தது. அத்தனை நுட்பமும் கட்டாய இராணுவச் சேவைக்கு வந்த இளைஞர்களின் கையில் விழுந்தபோது, வண்டி அடிக்கடி பட்டறையிலேயே நின்றது. விலையும் அதிகம், பராமரிப்புக்கும் தேர்ந்த கை வேண்டியிருந்தது. ஏறத்தாழ 9,600 வண்டிகளோடு அதன் தயாரிப்பு முடிந்தது.

ஹாட்ச்கிஸ் நிறுவனமோ 1952 முதலே வில்லிஸின் உரிமத்தின்கீழ் ஜீப்பின் உதிரிப்பாகங்களைச் சென்-தெனியில் செய்துகொண்டிருந்தது. 1954இல் அது டெலஹேயைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. தோற்ற வண்டியின் நிறுவனத்தையே விழுங்கிய பின், முழு ஜீப்பையும் செய்யும் வேலை ஹாட்ச்கிஸுக்கு வந்ததில் வரலாற்றின் ஒரு நேர்மை தெரிகிறது. எம்-201 என்ற இராணுவப் பெயருடன் 1950களின் நடுப்பகுதி முதல் 1966 வரை ஏறத்தாழ 27,000 வண்டிகள் செய்யப்பட்டன. போர்க்கால வில்லிஸுக்கும் இதற்கும் வேறுபாடு காண்பது இன்றும் சேகரிப்பாளர்களுக்குக் கடினம். வானொலிக் கருவிகளுக்கு ஏற்ப மின்னமைப்பு பிற்காலத்தில் 24 வோல்ட்டாக உயர்த்தப்பட்டது போன்ற மாற்றங்கள் நீங்கலாக, 1944இல் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய வண்டியின் உறுப்பைக் கழற்றி இதில் பூட்டலாம், இதன் உறுப்பை அதில் பூட்டலாம். அல்ஜீரியப் பாலைவனத்திலும் பின்னர் டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகளைச் சுமந்தும் ஓடிய இவ்வண்டி, பியூஜோ பி-4 அதன் இடத்துக்கு வந்த பின்னும் நூற்றாண்டின் இறுதிவரை பிரெஞ்சுப் படையில் பயன்பட்டு, அரசின் ஏலங்கள் வழியே பொதுமக்களிடம் சேர்ந்தது. அறுபதாண்டுப் பழமையான வடிவமைப்பு ஒன்று இவ்வளவு காலம் நீடித்ததற்குக் காரணம் பழமைப் பற்று அன்று. பழுதானால் நிற்கும் இடத்திலேயே சரிசெய்யலாம் என்ற ஒரே தகுதியே.

இரண்டாம் விடை சிட்ரோயன் நிறுவனத்தைச் சேர்ந்தது. பாலைவனத்தில் விரைந்தோடும் ஒட்டகத்தின் பெயரைத் தாங்கிய மெஹாரி, பாரிஸின் தெருக்களில் மாணவர் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த 1968 மே 16ஆம் நாளன்று, தோவில் நகரின் கோல்ஃப் திடலில் அறிமுகமானது. அதன் உடலை வகுத்தவர், உலகப் போரில் சோவியத் போர்முனையில் நார்மண்டி-நீமென் விமான அணியில் பறந்தவரும், பிளாஸ்டிக் தொழில் நடத்தியவருமான ரோலான் து லா பொய்ப். ஒரு முறைக்கு மட்டும் போதுமான ஷாம்பூவைச் சிறு பிளாஸ்டிக் உறையில் அடைத்து விற்கும் வழக்கத்தைப் பிரான்ஸில் பரப்பியவர் இவரே. கடலூர் சின்னி கிருஷ்ணன் தமிழ்நாட்டில் சாஷே பாக்கெட்டுகளுக்கு வழிவகுத்ததை அறிந்தவர்களுக்கு, மலிவான பிளாஸ்டிக்கில் ஒரு சமுதாயத் தேவையைக் கண்டுகொள்ளும் இவ்வகை மனம் புதிதன்று. ஏ.பி.எஸ். எனப்படும் உறுதியான பிளாஸ்டிக் பலகைகளைச் சூடாக்கி அச்சில் வார்த்து உடலாக்கினார்கள். நிறம் பிளாஸ்டிக்கிலேயே கலந்திருந்ததால் பூச்சு தேவையில்லை, கீறல் தெரியாது, துரு என்ற பேச்சே இல்லை, சேறு படிந்தால் உள்ளும் புறமும் குழாய் நீரால் கழுவிவிடலாம். காற்றால் குளிரும் 602 சி.சி. எஞ்சினும் சிட்ரோயனின் டியான் காரிலிருந்து வந்த உறுப்புகளும் கொண்ட இவ்வண்டியின் எடை 600 கிலோவுக்கும் குறைவு. முன்சக்கரங்கள் மட்டுமே இயங்கினாலும், எடை குறைவானதால் மணலிலும் வயலிலும் புகுந்து வெளிவந்தது. 1979இல் நான்கு சக்கர இயக்கமுள்ள வகையும் வந்தது. விவசாயிகள், தீயணைப்புப் படையினர், இராணுவம், கடற்கரை விடுமுறையாளர் என்று எல்லோரும் வாங்க, 1987இல் தயாரிப்பு நிற்பதற்குள் 1,44,000க்கும் மேற்பட்டவை விற்றன. காசிஸ் நகரைச் சேர்ந்த ஒரு நிறுவனம் இதன் உறுப்புகள் ஏறத்தாழ அனைத்தையும் இன்றும் வழங்கி வருவதால், பழைய மெஹாரி ஒன்றைச் சட்டகத்திலிருந்து புதிதாகக் கட்டியெழுப்ப முடிகிறது.

2015 திசம்பரில் சிட்ரோயன் அறிவித்த ஈ-மெஹாரி, திறந்த உடலையும் பிளாஸ்டிக் பலகைகளையும் கழுவக்கூடிய உள்ளமைப்பையும் பழைய வண்டியிடமிருந்து எடுத்துக்கொண்டது. உள்ளே இருந்ததோ, பொல்லொரே குழுமத்தின் புளூசம்மர் என்ற மின்வண்டி. வண்டி ரென் நகர ஆலையில் செய்யப்பட்டது; அதன் மின்கலம், பாரிஸில் 2011 முதல் 2018 வரை ஓடிய ஒட்டோலிப் என்ற பொதுப் பகிர்வுக் கார்களில் இருந்த அதே லித்தியம்-உலோக-பாலிமர் வகை. திரவ மின்பகுபொருள் இல்லாத இந்த மின்கலம் இயங்க 60 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். ஆகவே வண்டி நிற்கும்போதும் மின்னிணைப்பில் இருக்க வேண்டும், இல்லையெனில் தன்னைச் சூடாக வைத்துக்கொள்ளவே அது தன் மின்சாரத்தைச் செலவழித்துவிடும். தெருவோர மின்னிணைப்புக் கம்பங்களோடு ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் பிணைக்கப்பட்ட ஒட்டோலிப்புக்கு இது பொருந்தியது. வாரக்கணக்கில் கொட்டகையில் கிடந்து, தேவைப்பட்ட காலையில் கிளம்ப வேண்டிய கிராமத்து வண்டிக்கு இதைவிடப் பொருந்தாத மின்கலம் இல்லை. எடை 1,400 கிலோவைத் தொட்டது, முன்சக்கரங்கள் மட்டுமே இயங்கின, நான்கு சக்கர வகை வரவேயில்லை. 2019இல் தயாரிப்பு நின்றது. இந்தத் தோல்வியை மின்சாரத்தின் தோல்வியாகக் கொள்வது தவறு, ஏனெனில் இலகுவான மின்வண்டி ஒன்று மெஹாரியின் வேலையை நன்றாகவே செய்திருக்கக்கூடும். பழைய வண்டி எதற்காக வாங்கப்பட்டது என்பதை மறந்து, அது எப்படித் தோன்றியது என்பதை மட்டும் நினைவில் வைத்ததே பிழை.

யாழ்ப்பாணத்திலிருந்து லாசப்பலுக்கு வந்த தலைமுறைக்கு இவ்வேறுபாட்டை நீட்டி விளக்க வேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பெட்ரோல் கிடைக்காத குடாநாட்டில், ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள், கார்புரேட்டரில் சிறிதளவு பெட்ரோல் விட்டு எஞ்சினைக் கிளப்பிய பின் மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப்பாகம் வராத ஊரில் கைவினைஞர் கடைசல் பிடித்தும் வேறு வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்தியும் அவற்றை உயிரோடு வைத்திருந்தனர். மால்தூர்னேயில் அரசு செய்ததை யாழ்ப்பாணத்துக் கராஜ்கள் முற்றுகையின் நடுவே செய்தன என்று சொல்வது மிகையாகாது.

இந்தியாவில் இதே சோதனை மகிந்திரா நிறுவனத்தின் தாருக்கு வந்திருக்கிறது. சுதந்திரம் பெற்ற காலத்திலேயே வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கிய மகிந்திரா, 1980களில் எம்.எம். 540 வண்டிக்குப் பிரான்ஸின் பியூஜோவிடம் உரிமம் பெற்ற டீசல் எஞ்சினைப் பொருத்தியது. நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிலும் கொடைக்கானல் மலைச்சரிவுகளிலும் ஆளும் மூட்டையும் ஏற்றிய ஜீப்களின் வம்சம் அது. 2010இல் வந்த முதல் தார் அவ்வம்சத்தின் நேர் வாரிசு: தனிச் சட்டகம், பின்புறம் எஃகுப் பட்டைகள், நான்கு சக்கர இயக்கம், எளிய உள்ளமைப்பு. 2020இல் வந்த இரண்டாம் தார், தனிச் சட்டகத்தையும் வேகம் குறைக்கும் இரண்டாம் பற்சக்கரப் பெட்டியையும் விடாமல் வைத்துக்கொண்டு, பட்டைகளுக்குப் பதில் சுருள் வில்களையும், தானியங்கி கியரையும், தொடுதிரையையும் சேர்த்தது. ஏற்றத்தில் அது முன்னோடியைவிடத் திறமையானது, பயணத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒப்பற்ற முன்னேற்றம்; ஆனால் எஞ்சினைக் கணினி ஆள்வதால், மலையூர் மெக்கானிக் காதால் கேட்டுக் கண்டுபிடித்த பழுதுக்கு இப்போது குறியீட்டைப் படிக்கும் கருவி வேண்டியிருக்கிறது. ஈ-மெஹாரியோடு ஒப்பிட்டால் தார் தன் பெயரை நேர்மையாகவே சுமக்கிறது. எம்-201 சுமந்த அளவுக்கு அன்று. அந்த இடைவெளி விரிந்தது 2023 சனவரியில், பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் தார் விற்பனைக்கு வந்தபோதுதான்: அது ஜீப்பின் முகத்தை மட்டும் விரும்புவோருக்கான வண்டி, தோட்டத்து மண்பாதையில் மழைக்காலத்தில் மூட்டை ஏற்றுபவருக்கு அதனால் பயன் சிறிது.