முதுமை மறதிநோய் ஆய்வுகள் (ஈழமும் தமிழகமும்)

பருத்தித்துறைப் பக்கம் ‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்று சொல்லிக் கடந்துபோகும் முதுமை மறதி நிலையை மருத்துவம் மூளைநோயாகவே கொள்கிறது; அதில் பெரும்பங்கு அல்சைமர். இலங்கையில் ராகமைப் பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்ட 703 பேரிடம் நடந்து 2003இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 4 சதவீதத்தினரிடம் முதுமை மறதிநோயைக் கண்டது. தமிழகத்துத் திருப்போரூரில் அதற்கு முன்பே, 60 வயதைக் கடந்தோரிடம் 3.5 சதவீதம் பதிவாகியிருந்தது.

எண்ணிக்கை அளவுகோலைப் பொறுத்தே மாறும். சென்னை, வேலூர் உட்படப் பல நாடுகளின் ஊர்களில் ஆய்வு நடத்திய ‘10/66’ குழு 2008இல் வெளியிட்ட முடிவின்படி, அமெரிக்க உளமருத்துவ வரையறையில் இந்தியக் கிராமப்புறத்தில் நோயாளர் வெறும் 0.3 சதவீதம், குழுவின் சொந்த முறையிலோ எந்த ஆய்விடத்திலும் 5 சதவீதத்துக்குக் குறையவில்லை. அமெரிக்க வரையறை அன்றாடச் செயல்களில் தடுமாற்றத்தையும் கோரியது; ஆனால் சமையலும் கொடுக்கல்வாங்கலும் மருமகள் கைக்குப் போய்விட்ட வீட்டில், மூத்தவரின் தடுமாற்றத்தைக் குறையாக யார் சொல்வார்கள்? குழு கையாண்ட சோதனை எழுத்தறியாதவருக்கும் பொருந்துவது: முழங்கையைக் காட்டிப் பெயர் கேட்பார்கள், சுத்தியல் எதற்கு என்பார்கள், ‘படகு, வீடு, மீன்’ என்ற மூன்று சொற்களைச் சற்றுக் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். கூடவே வீட்டாரையும் தனியே விசாரிப்பார்கள்.