ஆர்மோனியப் பெட்டியின் வழக்கு

கடல் கடந்து வந்த பிடில், பாலுஸ்வாமி தீக்ஷிதர் காலத்திலேயே தரையில் சம்மணமிட்டு, கர்நாடக சங்கீதத்தின் சொந்தப் பிள்ளையாகிவிட்டது. பாரிஸில் 1842-இல் காப்புரிமை பெற்ற ஆர்மோனியத்துக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. காரணம் எளிது. பிடில் தந்தியில் விரல் வழுக்கும். பெட்டியிலோ ஒவ்வொரு ஸ்வரமும் தன் கட்டையை விட்டு அசையாது. கமகத்துக்கு எங்கே போவது?

வித்வான்கள் சும்மா இருக்கவில்லை. அடுத்த கட்டையை இமைப்பொழுதில் தொட்டு மீண்டார்கள். துருத்தியை அடக்கியும் விட்டும் ஸ்வரம் அசைவதுபோலக் காட்டினார்கள். காது மயங்கிற்று; சாஸ்திரம் மயங்கவில்லை. 1940-இல் வானொலி பெட்டியை வெளியேற்றியது. 1971-இல் தடை தளர்ந்தபோதும் பக்கவாத்தியமாகத்தான் அனுமதி. தனி வாசிப்புக்கு இல்லை.

கம்பம் பள்ளத்தாக்கு இந்தத் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன், 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தலுக்காகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நடுவே பாடினார். அவர் தம்பி இளையராஜா, அண்ணனின் மேடைகளில் விரல் பழகியது ஆர்மோனியத்தில்தான். சபை கதவடைத்த பெட்டிக்கு ஊர்ப் பொட்டல் இடம் கொடுத்தது.

நான் பெட்டியின் கட்சி. கமகத்தில் அது தோற்றது உண்மைதான். தோற்றவனைத் தனியாகப் பேசவிடாமல் வாய்ப்பூட்டுப் போட்டதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.