ஆளுக்கு ஒரு சீட்டு



"பேரு என்னங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளி சோதிடர் கூண்டைத் திறப்பார். இந்தப் பேருக்கு ஒரு சீட்டு எடுத்துக் கொடு என்பார். கிளி நடந்து வந்து, சீட்டுகளை அலகால் இழுத்துத் தள்ளி, ஒன்றைக் கொடுத்து, நெல்மணியை வாங்கிக்கொண்டு கூண்டுக்குத் திரும்பும். தமிழ்நாட்டுக் கோயில் வாசல்களிலும், பினாங்கு, சிங்கப்பூர் வீதிகளிலும் நம் மக்கள் கண்ட காட்சி இது.

மேனாட்டிலும் சீட்டுப் பார்த்துக் குறி சொல்வார்கள். அதற்கு டாரட் என்று பெயர். 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டாகத் தோன்றிய சீட்டுக்கட்டு, 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் குறி சொல்லும் கருவியாயிற்று. அங்கே ஒரு கேள்வி எழுந்தது. குறி கேட்க வந்தவரைக் குறிக்க எந்தச் சீட்டை வைப்பது?

பாரிஸ் நகரத்து எத்தெய்யா, ஆணுக்கு முதல் சீட்டு, பெண்ணுக்கு எட்டாம் சீட்டு என்று ஒதுக்கினார். பின்னர் 1910-இல் லண்டனில் ஆர்தர் எட்வர்டு வெயிட் எழுதிய நூல் வேறு விதி சொன்னது. கோல், கிண்ணம், வாள், காசு என்ற நான்கு இனங்களில், மேனி நிறமும் முடியும் விழியும் பார்த்து ஒன்றைத் தேர வேண்டும். பிறகு வயது. நாற்பதுக்கு உட்பட்ட ஆணுக்கு ராஜா, மேற்பட்டவருக்குக் குதிரை வீரன். நாற்பதைக் கடந்த பெண்ணுக்கு ராணி, இளையவளுக்கு ஏவலன்.

இந்த விதியைத் தானா ராத்தாவுக்குக் கொண்டுவந்து பார்ப்போம். இதன் பக்கத்தில் 1929-இல் ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் பலர் உழைத்தனர். கருமுடி, கருவிழி, கறுத்த மேனி என்றால் வெயிட் கணக்கில் காசு இனம். ஆகவே தோட்டத்துத் தமிழர் அத்தனை பேரும் நான்கே சீட்டுகளில் அடங்கிவிடுவர்! கையில் காசில்லாத இளைஞர் எல்லாரும் காசு ராஜாக்கள். வெள்ளைக்காரத் துரைமாருக்கோ முடியின் நிறத்துக்கு ஏற்ப வேறு வேறு இனங்கள் கிடைக்கும்.

வெயிட் இதை உணராமல் இல்லை. நிறத்தை அப்படியே கொள்ள வேண்டாம், சுபாவத்தையும் பார்க்கலாம். மிகக் கறுத்தவர் சுறுசுறுப்பானவராயின் வாள் இனமே பொருந்தும் என்றும் எழுதினார். விதி எழுதியவரே விலக்கும் எழுத வேண்டியதாயிற்று. தம் ஊர் முகங்களை நினைத்து வகுத்த அளவுகோல் உலகத்தார்க்கெல்லாம் பொருந்துமா?

பலன் பலிக்குமா என்பது வேறு விஷயம். கிளிக்கு நம் எதிர்காலம் தெரியும் என்று நான் சொல்ல வரவில்லை. இந்தியாவில் நாட்டுக் கிளியைப் பிடித்துக் கூண்டில் வைப்பது இன்று சட்டப்படி குற்றம். அந்தத் தொழிலும் மறைந்து வருகிறது. ஆயினும் அந்த எளிய சோதிடர் தம் முன் அமர்ந்தவரின் நிறத்தைக் கணக்கில் எடுத்ததில்லை. முதலில் பெயரைக் கேட்டார். ஒருவரை அறியப் புகும்போது நாமும் அங்கிருந்தே தொடங்கலாம்.